1,500 ரூபாய்க்காக அப்ரண்டிஸ் எடுக்காதீர்கள்

போன மாதம் பெங்களூர் பீன்யா இரண்டாம் ஸ்டேஜில், எங்கள் தெருமுனை டீக்கடையில், பக்கத்து ஷெட்காரர் பிடித்துக்கொண்டார். "உங்க ஷாப்ல அப்ரண்டிஸ் பசங்க இருக்காங்களாமே. கவர்ன்மென்ட் பணம் கொடுக்குதாமே. எவ்வளவு வருது?"

தலைக்கு மாதம் 1,500 என்றேன். சிரித்துவிட்டார். "இதுக்கா இத்தனை பேப்பர் வேலை?"

அவர் சிரித்ததில் தப்பில்லை. மூன்று வருஷத்தில் ஏழு பேரை அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழகுநராக, எடுத்துப் பழக்கியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தத் தொகையை மட்டும் பார்த்து இதில் இறங்கினால் நிச்சயம் நஷ்டம்.

எங்களுடையது சின்ன மெஷின் ஷாப். கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஓடும் சிஎன்சி லேத் ஆறு, இரண்டு மில்லிங் மெஷின், அப்பா காலத்து சாதா லேத் இரண்டு. பம்பு, வால்வு கம்பெனிகளுக்கு புஷ், ஸ்பிண்டில் போன்ற பாகங்களைக் கடைந்து கொடுக்கிறோம். அப்பா தர்மபுரிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து, ஒரு பெரிய ஆலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, லேத்தில் கடையும் டர்னர் ஆனவர். அதனால் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் நான் இதில் இறங்கியது மரியாதைக்காக அல்ல, ஆடிட்டர் பயமுறுத்தியதால்.

2022இல் அவர் கேட்டார்: "உங்ககிட்ட மொத்தம் எத்தனை பேர்?" 26 என்றேன். "கான்ட்ராக்ட்ல இருக்கறவங்க?" எட்டு. "அப்ப 34. உங்களுக்குக் கட்டாயம்." அன்றுதான் தெரிந்தது. 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி, 2019 விதித் திருத்தத்துக்குப் பிறகு, 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடம் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் வைத்தே ஆக வேண்டும். நான்கு முதல் 29 பேர் வரை என்றால் விருப்பம். நம்மில் பலர் கான்ட்ராக்டர் வழியாக வருபவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கேதான் மாட்டிக்கொள்வோம். வைக்காவிட்டால் குறையும் ஒவ்வொரு இடத்துக்கும் முதல் மூன்று மாதம் மாதம் 500, அதன் பிறகு 1,000 அபராதம். எங்கள் கணக்குக்குக் குறைந்தது ஒருவர், அதிகபட்சம் ஐந்து பேர்.

விஷயம் வெளியே கசிந்ததோ என்னவோ, ஒரு ஏஜென்ட் தேடி வந்தார். "சார், பிஎஃப் கிடையாது, ஈஎஸ்ஐ கிடையாது, பாதிச் சம்பளம். பத்து பசங்க அனுப்பறேன், மெஷின்ல நிறுத்திடுங்க." ஐந்து பேருக்கு மேல் வைக்க முடியாது என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. பிஎஃப் என்ற சேமநிதியும் ஈஎஸ்ஐ என்ற மருத்துவக் காப்பீடும் கிடையாது என்பது மட்டும் உண்மை. அது ஏன் லாபம் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். அவரை அனுப்பிவிட்டு, ஒரு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) பிரின்சிபாலை நேரில் போய்ப் பார்த்தேன். ஒரு வாரத்தில் இரண்டு டர்னர் பையன்கள் கிடைத்தார்கள். ஒருவன் ஸ்ரீராம்புரம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், சண்டை போட்டால் இரண்டும். இன்னொருவன் ஓசூர்ப் பக்கத்துக் கிராமம். லக்கரேயில் மூன்று பேரோடு ரூம்.

முதல் தப்பு முதல் நாளே நடந்தது. ஜூலையில் பையன்கள் வந்துவிட்டார்கள். கம்பெனியை அரசின் அப்ரண்டிஸ்ஷிப் போர்ட்டலில் பதிந்து, எந்த டிரேடு (தொழில்), எத்தனை இடம் என்று போட்டு, பையன்களும் அங்கே பதிந்து, இரண்டு பக்கமும் ஒப்பந்தம் உறுதியானபோது செப்டம்பர். பணம் ஒப்பந்தத் தேதியிலிருந்துதான் கணக்கு. இரண்டு மாதப் பணம் போனது பெரிதல்ல. ஒப்பந்தம் இல்லாத அந்த இரண்டு மாதமும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் சாதாரணத் தொழிலாளிகள். பிஎஃப், ஈஎஸ்ஐ, குறைந்தபட்சக் கூலி எல்லாம் பொருந்தும். யாராவது அன்று வந்து கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. இப்போது ஒப்பந்தம் முடிந்து பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்த பிறகுதான் பையனுக்கு யூனிஃபார்ம்.

இனி பணக் கணக்கு. நாங்கள் ஆரம்பித்தபோது இருந்த 2019 விதிப்படி அப்ரண்டிஸுக்கு மாதம் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச உதவித்தொகை பத்தாவது படித்தவருக்கு 6,000, பன்னிரண்டாவதோ ஐடிஐயோ படித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000. இரண்டாம் வருஷம் 10 சதவீதம் கூடும், மூன்றாம் வருஷம் 15. இதை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் பரிந்துரைத்தது. ஆகவே ஆள் எடுக்கும் நாளில் நடப்புத் தொகையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

2016இல் தொடங்கிய தேசிய அப்ரண்டிஸ்ஷிப் ஊக்குவிப்புத் திட்டத்தில், சுருக்கமாக நாப்ஸ், அரசு இந்த உதவித்தொகையில் 25 சதவீதம் கொடுக்கிறது. ஆனால் 1,500 ரூபாய்க்கு மேல் போகாது. 7,000க்கு 25 சதவீதம் 1,750 வருமே என்று பார்த்தால், அங்கேயே உச்சவரம்பு இடித்துவிடும். சரி, 7,000 ரூபாயில் பெங்களூரில் யார் வாழ முடியும்? லக்கரேயில் ரூம் வாடகைப் பங்கே 2,500. நாங்கள் 12,000 பேசினோம். அதனால் அரசுப் பங்கு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை.

இன்னொரு செலவை யாரும் எழுதி வைப்பதில்லை. முதல் இரண்டு மாதம் தினம் ஒரு மணி நேரமாவது ஒரு சிஎன்சியைப் பையனுக்காக நிறுத்தி வைக்க வேண்டும். எங்கள் ஜாப்-வொர்க் ரேட் மணிக்கு 400. மாதம் 25 நாள் என்றால் 10,000 ரூபாய் மெஷின் நேரம். 1,500ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பக்கத்து ஷெட்காரர் எதற்குச் சிரித்தார் என்று புரியும்.

அந்த மெஷின் நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்ததுதான் எங்கள் இரண்டாவது தப்பு. தீபாவளி நேரம், டெலிவரி நெருக்கடி. ஓசூர்ப் பையன் துறுதுறுவென்று இருந்தான். ஒப்பந்தம் உறுதியான மூன்றாவது வாரமே, மெஷினை ஓடவிடும் சைக்கிள் ஸ்டார்ட் பட்டனைக் காட்டிக் கொடுத்து, "ஜாப் மாட்டு, எடு, மாட்டு" என்று நிறுத்திவிட்டோம். ஒரு நாள் இன்சர்ட் என்ற வெட்டுமுனை தேய்ந்து, அதற்கு ஈடாக யாரோ ஆஃப்செட் அளவை மாற்ற, அதில் ஒரு தசமப் புள்ளி தள்ளிப்போய், 60 புஷ் மொத்தமாக ரிஜெக்ஷன். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பையனைத் திட்டினேன். அன்று சாயங்காலம் மேஸ்திரி வந்து அமைதியாகச் சொன்னார்: "அவனைத் திட்டாதீங்க தம்பி. முதல் பீஸை அளக்கணும்னு அவனுக்கு யாரும் சொல்லலை. மைக்ரோமீட்டரே கையில கொடுக்கலை."

பொங்கலுக்கு ஊருக்குப் போன பையன் திரும்பி வரவில்லை. போன் போட்டேன். "அண்ணா, அங்க நான் கத்துக்க ஒண்ணும் இல்லைண்ணா. பட்டன் அமுக்க ஐடிஐ எதுக்கு?" என்றான். பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலையில் அப்ரண்டிஸை நிறுத்தக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதைவிடப் பையன் சொன்னதுதான் உறைத்தது.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையே இல்லை. வயது ஐம்பத்தெட்டு, திருப்பத்தூர்க்காரர், அப்பா காலத்திலிருந்து இருக்கிறார். பையன்கள் வந்த புதிதில் அவர் ஒன்றுமே சொல்லித்தரவில்லை. கேட்டால், "பார்த்துக் கத்துக்கட்டும். நாங்க அப்படித்தான் கத்துக்கிட்டோம்." உள்ளே இருந்த பயம் வேறு. கற்றுக்கொடுத்தால் கம்மிச் சம்பளத்துக்குப் பையன் இருக்கிறான், நமக்கு எதற்கு இவர் என்று நான் நினைத்துவிடுவேனோ என்று. அவர் வாயைத் திறந்து இதைச் சொல்லவில்லை. அவர் மனைவி என் அம்மாவிடம் சொல்லித் தெரிந்தது.

அப்போது அரசுப் பங்கு, நாங்கள் உதவித்தொகை கொடுத்த பிறகு கம்பெனிக்குத் திரும்பி வரும் முறை இருந்தது. அந்தப் பணத்தை அப்படியே மேஸ்திரிக்கு மாற்றிவிட்டேன். பையன் ஒருவனுக்கு மாதம் 1,500 "வாத்தியார் படி", பையன் பரீட்சை பாஸ் செய்தால் தனியாக ஒரு தொகை. சம்பளச் சீட்டிலேயே தனி வரியாக வரும். பணம் பெரிதில்லை, பெயர்தான் வேலை செய்தது. அடுத்த வாரமே பழைய லேத்தைத் துடைத்து, "சிஎன்சி அப்புறம். முதல்ல கையால ஒரு பிட் சாணை பிடிக்கக் கத்துக்கோ" என்று ஸ்ரீராம்புரத்துப் பையனை நிறுத்திக்கொண்டார். திங்கள் அளவு, செவ்வாய் டிராயிங், புதன் செட்டிங் என்று ஒரு பழைய டைரியில் அவரே அட்டவணை எழுதினார். அந்த டைரிதான் இன்றுவரை எங்கள் பயிற்சித் திட்டம்.

2023 ஆகஸ்ட் வாக்கில் முறை மாறியது. அரசுப் பங்கு நேராகப் பையன் கணக்குக்குப் போகும், நாம் மீதியைக் கொடுத்தால் போதும். கேட்க நன்றாக இருந்தது. பேசிய 12,000த்தில் 10,500 நாங்கள் போட்டோம். மூன்றாவது மாதம் புதிதாக வந்த ஒருவன் தயங்கித் தயங்கி வந்து, "அண்ணா, 1,500 குறையுதுண்ணா" என்றான். போர்ட்டலில் பார்த்தால் பணம் போய்விட்டது. எங்கே போனது? அவன் எட்டாவது படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காகக் கிருஷ்ணகிரிப் பக்கம் அம்மாவோடு சேர்ந்து திறந்து, பிறகு மறந்தே போன கணக்குக்கு. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைந்திருக்கிறதோ அங்கேதான் அரசுப் பணம் போகும். நாம் பாஸ்புக் நகல் வாங்கி வைத்த கணக்குக்கு அல்ல. அவனுக்கு மூன்று மாதமாக மனதுக்குள், அண்ணன் ஏமாற்றுகிறார் என்ற எண்ணம். அதைச் சரிசெய்ய ஆதார் இணைப்பை மாற்றிய அரைநாள் போதவில்லை, இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

அதற்குப் பிறகு ஒரு முடிவு எடுத்தேன். பேசிய 12,000 முழுவதும் எங்கள் கையிலிருந்து, சட்டம் சொல்லும் பத்தாம் தேதிக்குள். அரசு போடும் 1,500 பையனுக்கு மேல்வரவு. வாத்தியார் படியும் எங்கள் செலவு. ஆக, பக்கத்து ஷெட்காரர் கேட்ட கேள்விக்குச் சரியான பதில், எனக்கு வருவது பூஜ்யம்.

பட்டம், டிப்ளமோ படித்தவர்களுக்கு நாட்ஸ் என்று வேறு திட்டம், கல்வி அமைச்சகத்தின் கீழ். இதில் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதி அரசுடையது. டிப்ளமோவுக்கு 8,000 என்றால் 4,000. கர்நாடகமும் இதை நடத்தும் தென்மண்டல அப்ரண்டிஸ் பயிற்சி வாரியத்தின் கீழ் வருகிறது, அது சென்னை தரமணியில். பெங்களூரில் தமிழில் பேசிக் காரியம் முடிக்கக் கிடைத்த அபூர்வ வாய்ப்பு என்று எங்கள் கணக்கர் அக்கா சொல்வார். தர ஆய்வுப் பிரிவுக்கு ஒரு டிப்ளமோ பெண்ணை இதில் எடுத்தோம். முதல் கிளெய்ம் திரும்பி வந்தது, தப்பு எங்களுடையது. நம்மவர்களின் இனிஷியல் இருக்கிறதே! மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், பேங்கில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. ஒரே பெண், மூன்று பெயர். கர்நாடகத்துக் கம்ப்யூட்டரோ தமிழ்நாட்டுக் கம்ப்யூட்டரோ, எதற்கும் இது புரிவதில்லை. ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் பெயரைப் பாருங்கள். முதலில் திருத்தினால் ஒரு வாரம், பிறகு திருத்தினால் ஒரு காலாண்டு.

கல்லூரியிலிருந்து நான்கு வாரம் "இண்டஸ்ட்ரியல் டிரெயினிங்" என்று வரும் மாணவர்களும் உண்டு. அதற்கு அரசுப் பணம் எதுவும் எங்களுக்கு வரவில்லை. வருபவர்களில் பாதிப் பேருக்குச் சர்டிபிகேட்தான் தேவை. ஆனால் அந்த டிப்ளமோ பெண் முதலில் அப்படித்தான் வந்தாள், அளவு சரியா என்று பார்க்கும் கோ–நோகோ கேஜை வைத்துவிட்டு "இது ஏன் இப்படி?" என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். அதனால் மாணவர்களை வேண்டாம் என்று சொல்வதில்லை.

ஈஎஸ்ஐ இல்லாதது லாபம் என்று ஏஜென்ட் சொன்னாரே, அதற்கு வருகிறேன். 2024 ஜனவரியில் ஒரு பையன் ஓடும் ஜாப்பிலிருந்து சுருள் சுருளாக வந்த உலோகப் பிசிறைக் கையால் இழுத்தான். அதை இழுக்கும் ஹூக் பக்கத்திலேயே தொங்குகிறது. உள்ளங்கையில் நான்கு தையல். பழக்க தோஷத்தில் ஈஎஸ்ஐ கார்டு எங்கே என்று தேடினோம். அப்ரண்டிஸுக்கு ஏது கார்டு? பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் 9,000 ரூபாய். தையலோடு போயிற்று. விரல் போயிருந்தால் அப்போதிருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி முழுப் பொறுப்பும் முதலாளியுடையது. ஈஎஸ்ஐ என்ற குடை இல்லாததால் மழை நம் தலையில் நேராகப் பெய்யும். அந்த வாரமே அப்ரண்டிஸ்களின் பெயரையும் சேர்த்து இழப்பீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்தோம். வருஷத்துக்கு ஆன பிரீமியம் அந்த ஆஸ்பத்திரி பில்லைவிடக் குறைவு.

நைட் ஷிப்ட், ஓவர்டைம் இரண்டிலும் பையன்களோடு எப்போதும் இழுபறி. இரவு 10 முதல் காலை 6 வரை அனுமதி வாங்காமல் அப்ரண்டிஸை நிறுத்தக் கூடாது, ஓவர்டைமும் அப்படித்தான். "அவங்க மட்டும் ஓவர்டைம் பார்த்து 4,000 சேர்த்து வாங்கறாங்க, எங்களுக்கு இல்லையா?" என்பார்கள். இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இன்றுவரை இல்லை. 2023இல் வந்த ஒருவன் பயிற்சி முடிந்த மறுவாரமே சாப்பாடு டெலிவரிக்குப் போய்விட்டான். வருமானம் அதிகம் என்றான், கணக்குப் பார்த்தால் உண்மைதான். ஸ்ரீராம்புரத்துப் பையன் டிரேட் டெஸ்ட் பாஸ் செய்து தேசிய அப்ரண்டிஸ்ஷிப் சான்றிதழ் வாங்கி, ஓசூரில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போனான். மேஸ்திரி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், "என்கிட்ட கத்துக்கிட்டவன்னு அங்க சொல்லியிருக்கான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏழு பேரில் தங்கியது மூன்று பேர். டிப்ளமோ பெண், அப்புறம் 2024இல் வந்த இரண்டு பையன்கள். இந்த இருவர் விஷயத்தில் எதிர்பாராத ஒன்று நடந்தது. 2025 செப்டம்பரில் அவர்களை நிரந்தரமாக எடுத்தபோது, பிரதமர் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா என்ற வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கு. அப்ரண்டிஸாக இருந்த வருஷத்தில் பிஎஃப் கிடையாது என்பதால், பிஎஃப் கணக்கில் அவர்கள் முதல் தடவை வேலைக்கு வருபவர்கள். அவர்களுக்கு ஒரு மாதச் சம்பளம், 15,000 வரை, ஆறு மாதத்துக்குப் பிறகும் பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகும் இரண்டு தவணையாக. முதலாளிக்கு, பிஎஃப் சம்பளம் 10,000க்கு மேல் 20,000 வரை என்றால் ஆளுக்கு மாதம் 2,000, அதற்கு மேல் என்றால் 3,000. இரண்டு வருஷம், உற்பத்தித் துறைக்கு நான்கு வருஷம். கற்றுக்கொடுத்ததற்குக் கிடைத்ததைவிட, கற்றவனைத் தக்கவைத்துக்கொண்டதற்கு அதிகம்.

இதிலும் கண்ணி உண்டு. 50 பேருக்குக் கீழ் இருக்கும் கம்பெனி குறைந்தது இரண்டு பேரைக் கூடுதலாக எடுக்க வேண்டும், கூடுதல் ஆறு மாதமாவது நிலைக்க வேண்டும். எங்களுக்குச் சரியாக இரண்டு. இடையில் பழைய ஆள் ஒருவர் நின்றால் கணக்கு சரிந்துவிடும். அதனால் பிஎஃப் ரிட்டர்ன் போடும் நாளில் அக்கா முதலில் தலைகளை எண்ணுகிறார். பையன்களின் யூஏஎன் என்ற பிஎஃப் எண்ணை அரசின் உமங் செயலியில் முகத்தைக் காட்டித்தான் எடுக்க முடிந்தது. ஷெட்டுக்குள் வெளிச்சம் போதாமல் இருவரையும் ரோட்டில் வெயிலில் நிறுத்தினோம். வருமான வரியில் கூடுதல் ஆட்களின் சம்பளச் செலவில் 30 சதவீதத்தை மூன்று வருஷம் கழித்துக்கொள்ளும் சலுகையும் இருக்கிறது, மாதச் சம்பளம் 25,000க்கு மேல் போகாத ஆட்களுக்கு. அது ஆடிட்டர் பாடு.

டீக்கடையில் இவ்வளவையும் பக்கத்து ஷெட்காரரிடம் சொல்ல முடியவில்லை. டீ ஆறிவிட்டது. "அப்ப எடுக்கலாமா, வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார். உங்கள் ஷெட்டில் சொல்லிக்கொடுக்க மனசுள்ள ஒரு ஆள் இருக்கிறாரா என்று திருப்பிக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.

இந்த வருஷ ஐடிஐ பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே போர்ட்டலில் இரண்டு இடத்தைத் திறந்து வைக்க வேண்டும். மேஸ்திரியிடம் எப்படிப்பட்ட பையன் வேண்டும் என்று கேட்டேன். "மார்க் எவ்வளவா இருந்தாலும் பரவாயில்லை தம்பி. பிசிறைக் கையால இழுக்காதவனா பாருங்க" என்றார்.